ஏழு பாகை: பிசியோ பயிற்சிக்குப் புதிதாக வருபவர்கள் அளக்கத் தொடங்குமுன்

பயிற்சிக் காலத்தின் மூன்றாவது கிழமை. கொழும்பில் ஒரு வைத்தியசாலையில், முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்திருந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரை என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அளந்தேன், முழங்கால் 85 பாகை மடங்கியது. வெள்ளிக்கிழமை அளந்தேன், 92. "ரீச்சர், மூண்டு நாளில ஏழு பாகை கூடியிருக்கு!" என்று வாட்டுக்கே கேட்கச் சொன்னேன். அவர் அந்த இடத்திலேயே லண்டனில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்துச் செய்தியைச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை என் மேற்பார்வையாளர் அக்கா அளந்தபோது 86.

ரீச்சரின் முகம் வாடிவிட்டது. "சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஒழுங்காத்தானே பிள்ளை பயிற்சி செய்தனான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அக்கா என்னை விறாந்தைக்குக் கூட்டிப்போய் விசாரித்தார். செவ்வாய்க்கிழமை ரீச்சர் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இருந்தார். தானாக மடக்கச் சொல்லி, கவுணுக்கு மேலாலேயே அளந்திருந்தேன். வெள்ளிக்கிழமை இருபது நிமிடப் பயிற்சி முடிந்து மல்லாந்து படுத்திருந்தார். குதிகாலைப் பிடித்து நானே கொஞ்சம் தள்ளியும் விட்டிருந்தேன். "நீர் முழங்காலை அளக்கேல்லை. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்திருக்கிறீர்" என்றார் அக்கா.

இந்தக் கட்டுரை அந்த ஏழு பாகையைப் பற்றியது. நாடா, மூட்டுக் கோணம் பார்க்கும் கோனியோமீட்டர், கதிரை, போனில் இருக்கும் ஸ்டொப்வொட்ச் என்று கையில் இருக்கும் எளிய பொருட்களால் எடுக்கும் அளவு எந்த மட்டுக்கும் நம்பத்தக்கது, அதை எப்படி நம்பத்தக்கதாக்குவது என்பதை வேலை நடக்கும் ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

நம்பகம் ஒன்று, சரி வேறொன்று

வீட்டுத் தராசு ஒன்று எப்போதும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டுகிறது என்று வையுங்கள். அது பிழையான தராசுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இரண்டு கிலோ என்றால், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது சரியாகவே சொல்லும். இன்னொரு தராசு சராசரியில் சரி, ஆனால் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு கிலோ அங்கே இங்கே தாவும். மறுவாழ்வுச் சிகிச்சையில் நாங்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி "கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா" என்பதுதான். அதற்கு இரண்டாவது தராசு உதவாது. திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒத்துவரும் இந்தக் குணத்தைத்தான் நம்பகத்தன்மை என்கிறோம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒரே ஆள் இரண்டு முறை அளந்தால் எவ்வளவு ஒத்துவருகிறது என்பது ஒன்று. இரண்டு ஆட்கள் அளந்தால் எவ்வளவு ஒத்துவருகிறது என்பது மற்றது. இரண்டாவது அநேகமாக எப்போதும் மோசம். ஆகவே முதலாவது விதி மிகவும் எளிது: ஒரு நோயாளியை முடிந்தவரை ஒரே ஆள் அளக்கட்டும். பயிற்சி மாணவர்கள் சில கிழமைகளுக்கு ஒருமுறை மாறிப் போகும் வாட்டுகளில் இது நடக்காது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் மற்ற விதிகள் தேவைப்படுகின்றன.

கருவியில் இருந்து தொடங்குங்கள்

புறக்கோட்டையில் தையல் சாமான் கடைகளில் கிடைக்கும் துணி நாடாவோடுதான் நான் தொடங்கினேன். நீங்களும் அப்படியென்றால், வாங்கிய அன்றே அதை ஒரு இரும்பு அடிமட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. 60 அங்குலம் என்பது 152.4 செ.மீ. உங்கள் நாடாவின் ஒரு பக்கத்து 60 அங்குலக் கோடும் மறுபக்கத்து 150 செ.மீ. கோடும் ஒரே இடத்தில் நின்றால், இரண்டு பக்கத்தில் ஒன்று பொய் சொல்கிறது. துணி நாடா பாவிக்கப் பாவிக்க இழுபடும். பிளாஸ்டிக் பூசிய, இழுபடாத நாடா நல்லது. நுனியில் சின்ன ஸ்பிரிங் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே விசையில் இழுக்க விடும் நாடா கிடைத்தால் இன்னும் நல்லது.

கோனியோமீட்டரின் நடு ஆணி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆணியில் திரும்பும் நீட்டுத் தகடுகளைத்தான் கருவியின் கைகள் என்போம். இரண்டு கைகளையும் நேர்கோட்டில் வைத்தால் 0 அல்லது 180 காட்ட வேண்டும். தராசை மாபிள் தரையில் வையுங்கள், பாயிலோ கம்பளத்திலோ வேண்டாம். கதிரை பற்றிப் பிறகு வருகிறேன். அது ஒரு தனிக்கதை.

தொடையை அளப்பது

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு தையல்காரர் இருந்தார். நாடாவுக்குள் எப்போதும் ஒரு விரலை விட்டுத்தான் அளப்பார். உடுப்பு லூசாக இருக்க வேண்டுமே. புதிதாக வருபவர்கள் தொடையை அளக்கும்போது தங்களை அறியாமலே அதே வேலையைச் செய்வார்கள். வேறு சிலர் இதற்கு எதிர்மாறு, தசைக்குள் நாடா பதியும்வரை இழுப்பார்கள். நாடா தோலைச் சுற்றித் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும், தோலில் பள்ளம் விழக்கூடாது. உங்களுக்கு இடையில் ஒத்துவர வேண்டிய விசை இதுதான். பத்துப் பேர் அளக்கும் இடத்தில் ஒரு நாள் எல்லோரும் ஒரே தொடையை அளந்து பாருங்கள், சிரிப்பு வரும்.

எங்கே அளப்பது என்பது அதைவிட முக்கியம். "தொடை நடுவில்" என்று எழுதுவதில் பிரயோசனம் இல்லை. தொடை மேலே போகப் போகத் தடிக்கிறது. ஒரு சென்ரிமீற்றர் தள்ளிப் போனாலே சுற்றளவு மாறிவிடும். முழங்கால் சில்லின் மேல் விளிம்பைத் தொட்டுக் கண்டுபிடியுங்கள். அதற்கு, நோயாளி மல்லாந்து காலை நீட்டித் தொடையைத் தளர்த்தியிருக்க வேண்டும், தசை இறுகினால் சில்லு மேலே நகர்ந்துவிடும். அந்த விளிம்பில் இருந்து 10 அல்லது 15 செ.மீ. மேலே பேனையால் ஒரு கோடு போடுங்கள். 10ஆ 15ஆ என்பதை கிளினிக்கில் ஒன்றாகத் தீர்மானித்து, நோயாளியின் காட்டில் (பதிவு அட்டையில்) எழுதி வையுங்கள். நாடா அந்தக் கோட்டில், தொடைக்குக் குறுக்காக நேரே சுற்றட்டும், பின்பக்கம் தொய்யக் கூடாது. பின்பக்கத்தைக் குனிந்து பாருங்கள், தொய்வு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பேனைக் கோட்டை நம்பி அடுத்த தடவைக்கு விடாதீர்கள். இந்த ஊர் வெக்கையில் யார்தான் குளிக்காமல் கிளினிக்குக்கு வருவார்கள்? எலும்பில் இருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக அளந்து கோடு போடுங்கள்.

உடுப்பு விஷயத்தில் வெட்கப்பட்டு அவசரப்படுவதால் வரும் பிழைகள் எங்கள் பக்கத்தில் அதிகம். சேலைக்கு மேலால், சாரத்துக்கு மேலால், கவுணுக்கு மேலால் அளப்பது அளவு அல்ல. திரையை இழுத்துவிடுங்கள், வீட்டுப் பெண் ஒருவரையோ தாதி ஒருவரையோ பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், துணியால் மூட வேண்டிய இடத்தை மூடுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போகும், போகட்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சுற்றளவு என்பது தசை, கொழுப்பு, வீக்கம் மூன்றும் சேர்ந்த கணக்கு. சத்திரசிகிச்சைக்குப் பிறகு தசை கரைந்து, அதே இடத்தில் வீக்கம் சேர்ந்தால் நாடா "மாற்றமில்லை" என்று சொல்லும். அளவு ஒத்துவருகிறது, ஆனால் நீங்கள் தேடியது அதில் இல்லை.

கணுக்கால் வீக்கத்துக்கு எட்டு வடிவச் சுற்று இருக்கிறது. நாடா கணுக்காலின் இரு புற மொளிகளையும், பாதத்தின் உட்பக்க எலும்பு மேட்டையும், சின்னவிரல் பக்க எலும்பின் அடியையும் தொட்டுக்கொண்டு ஓடும். ஒழுங்காகப் பழகியவர் கையில் இது மிக நம்பகமான அளவு. நேரத்தை மட்டும் எழுதி வையுங்கள். கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவரின் கணுக்காலும், ஓட்டோவில் இருந்து வந்தவரின் கணுக்காலும் ஒன்றல்ல. காலை எட்டு மணிக் காலும் பின்னேரம் நாலு மணிக் காலும் ஒன்றல்ல. வந்தவுடன் பத்து நிமிடம் காலை உயர்த்திப் படுக்க விட்டு அளப்பது என் வழக்கம்.

முழங்கால் கோணம்

கோனியோமீட்டரின் நடு ஆணி முழங்காலின் வெளிப்புற எலும்பு மேட்டில் நிற்க வேண்டும். மேல் கை தொடை எலும்பின் மேல் நுனியில் இடுப்புப் பக்கமாகத் தடவினால் தட்டுப்படும் மேட்டைப் பார்க்கட்டும். கீழ் கை கணுக்காலின் வெளிமொளியைப் பார்க்கட்டும். இந்த மூன்று இடத்தையும் விரலால் தொட்டு உறுதிசெய்யாமல் கருவியை எடுக்காதீர்கள். கண்ணால் மதிப்பிட்டு வைக்கும் கைதான் பிழைகளுக்கெல்லாம் தாய். வாசிக்கும்போது உங்கள் கண் கருவியின் மட்டத்துக்கு இறங்கட்டும். மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் இரண்டு மூன்று பாகை மாறிவிடும்.

கிடை மாறினால் கோணமும் மாறும். குப்புறப் படுத்தால் இடுப்பு நேராகி, தொடையின் முன்தசை இழுபட்டு, முழங்கால் குறைவாக மடங்கும். மல்லாந்து இடுப்பையும் மடக்கினால் கூடும். அவராக மடக்கியதா, நீங்கள் தள்ளி மடக்கியதா என்பதும் அப்படித்தான். ஆகவே காட்டில் வெறுமனே "92" என்று எழுதுவது பாதி வேலை. "மல்லாந்து, தானாக, பயிற்சிக்கு முன், 92" என்று எழுதினால்தான் அடுத்தவர் அதைத் திரும்பச் செய்ய முடியும்.

கால் முழுதாக நீளாத நோயாளிக்கு "-10" என்று சிலர் எழுதுவார்கள். அது பத்துப் பாகை குறைகிறது என்றா, பத்துப் பாகை பின்னுக்கு வளைகிறது என்றா? எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். "10 முதல் 95 வரை" என்று எழுதுங்கள், கழித்தல் குறியை விட்டுவிடுங்கள்.

இனி ஒரு சின்னக் கள்ளத்தனம், நாங்கள் எல்லோரும் செய்வது. காட்டைத் திறந்தால் போன முறை 88 என்று இருக்கிறது. இன்றைக்குக் கை தானாகவே 90ஐத் தேடும். யாரும் பொய் சொல்லவில்லை. கண் நல்ல செய்தியைப் பார்க்க விரும்புகிறது, அவ்வளவுதான். அளக்குமுன் காட்டை மடித்து வையுங்கள். அளந்து எழுதிய பிறகு பழையதைப் பாருங்கள். இன்னும் ஒன்று: உங்கள் பழைய எண்களில் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் 0 அல்லது 5 என்றால், நீங்கள் வாசிக்கவில்லை, கிட்டிய இலக்கத்துக்கு உருட்டுகிறீர்கள்.

இத்தனையும் செய்தாலும் சுமார் 5 பாகை வரையான வித்தியாசத்தை மாற்றம் என்று சொல்லாமல் இருப்பது இந்தத் தொழிலில் பரவலாக உள்ள வழக்கம். வேறொருவர் அளந்ததோடு ஒப்பிடும்போது இன்னும் தாராளமாக விடுங்கள். ரீச்சருக்கு 85இல் இருந்து 86 என்பது மாற்றமே இல்லை. என் 92தான் ஊரைக் கெடுத்தது.

போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியும் கோணம் காட்டும். நன்றாகவே காட்டும், கணைக்காலின் முன்னெலும்பில் ஒரே உயரத்தில் வைத்துப் பழகினால். ஆனால் அதை ஒரு கிழமையும் கோனியோமீட்டரை மறு கிழமையும் பாவித்து இரண்டையும் ஒரே நிரலில் எழுதாதீர்கள்.

கதிரையும் செருப்பும்

எழும்பி நடந்து திரும்பி வந்து இருக்கும் சோதனையை டயான் பொட்சியாட்லோ, சான்ட்ரா ரிச்சர்ட்சன் இருவரும் 1991இல் இன்றைய வடிவில் வெளியிட்டார்கள். கதிரையில் இருந்து எழும்பி, 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருப்பதற்கு எத்தனை செக்கன் என்பதே அளவு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் முதியவர்களுக்கு 12 செக்கன் அல்லது அதற்கு மேல் போனால் விழும் ஆபத்தைக் கவனிக்கச் சொல்கிறது. இதைவிட மலிவான சோதனை இல்லை. இதைவிட இலகுவாகக் கெடுக்கக்கூடிய சோதனையும் இல்லை.

முதலில் கதிரை. மூலச் சோதனையில் கைபிடி உள்ள, சுமார் 46 செ.மீ. உயரக் கதிரை. எங்கள் கிளினிக்குகளில் அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் கதிரைகள் உண்டல்லவா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், ஆள் பாரத்துக்கு இருக்கை வளையும், கைபிடி நெளியும், எழும்பும்போது பின்னுக்கு வழுக்கும். நல்ல மரக்கதிரை ஒன்றைத் தெரிந்து, உயரத்தை அளந்து அடியில் எழுதி, சுவரோடு சாய்த்து வைத்து, "சோதனைக் கதிரை, எடுக்க வேண்டாம்" என்று ஒட்டிவிடுங்கள். இரண்டு மொழியில் ஒட்டினாலும் யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். தேடிக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது செருப்பு. எங்கள் ஆட்கள் கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்கள், மரியாதைக்காக. போன முறை பேரன் சப்பாத்துப் போட்டுக் கூட்டிவந்திருப்பான், இந்த முறை வெறுங்கால், தரை வேறு துடைத்த ஈரத்தோடு இருக்கும். வழமையாக வெளியில் போடும் செருப்போடு செய்யச் சொல்லுங்கள், என்ன போட்டிருந்தார் என்று எழுதுங்கள். ஊன்றுகோலும் அப்படியே. இன்று கோலோடும் அடுத்த கிழமை கோல் இல்லாமலும் எடுத்த நேரங்களைக் கழித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

பிறகு, நீங்கள் சொல்லும் வார்த்தை. கொழும்பில் இது பெரிய விஷயம். தமிழ் அம்மாவுக்கு "ஆறுதலா நடவுங்கோ, விழுந்திடாதேங்கோ" என்று பாசமாகச் சொல்லிவிட்டு, சிங்கள ஐயாவுக்கு "இக்மனட்ட" என்று சொன்னால், அவருக்கு நீங்கள் சொன்னது கெதியாக என்று. ஒருவருக்கு மெதுவாக நடக்கும் சோதனை, மற்றவருக்கு ஓடும் சோதனை. நான் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒவ்வொரு வசனத்தை எழுதி கதிரைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தமிழ் வசனம் இது: "நான் 'போங்கோ' எண்டு சொன்ன உடனே எழும்பி, நீங்கள் வழமையா நடக்கிற வேகத்தில அந்தக் கோடு மட்டும் போய், திரும்பி வந்து இருங்கோ." அதற்கு மேல் ஒரு சொல் கூட்டுவதில்லை. 'போங்கோ' என்றதும் கடிகாரத்தை அழுத்துங்கள், அவர் அசையும்வரை காத்திருக்காதீர்கள். திரும்ப வந்து இருக்கையில் அமர்ந்ததும் நிறுத்துங்கள். அளவுக்கு முன் ஒருமுறை பழக விடுங்கள்.

30 செக்கனில் எத்தனை தரம் எழும்பி இருக்கிறார் என்ற சோதனை ரிக்லியும் ஜோன்ஸும் 1999இல் கொண்டுவந்தது. கதிரை சுமார் 43 செ.மீ. கைகள் நெஞ்சில் குறுக்காக. கதிரை விதி இங்கும் அதேதான், உயரம் குறைந்தால் எண்ணிக்கையும் விழும்.

ஆறு நிமிட நடைக்கு அமெரிக்க நெஞ்சகச் சங்கம் 2002இல் சொன்ன பாதை 30 மீற்றர். கொழும்பில் ஆட்கள் குறுக்கே போகாத 30 மீற்றர் விறாந்தை எந்த வைத்தியசாலையில் கிடைக்கும்? 15 மீற்றரில் செய்தால் இரண்டு மடங்கு தடவை திரும்ப வேண்டும், தூரம் குறையும். குறைந்தாலும் பரவாயில்லை, ஆனால் அடுத்த முறையும் அதே 15 மீற்றரில் செய்யுங்கள். நோயாளிக்குப் பக்கத்தில் நடக்காதீர்கள், உங்கள் வேகம் அவருக்குத் தொற்றும். முதல் முறையைவிட இரண்டாம் முறை பெரும்பாலும் கூட நடப்பார்கள், பழக்கம்தான் காரணம். அதனால் 2014இல் வந்த ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கங்களின் கூட்டு நெறிமுறை, இரண்டு முறை செய்து கூடியதை எடுக்கச் சொன்னது. நாட்பட்ட சுவாச நோய் உள்ளவர்களில் சுமார் 30 மீற்றர் மாற்றத்தைத்தான் அது பொருட்படுத்தத்தக்கது என்கிறது. நோன்பு மாதத்தில் பின்னேரம் வரும் முஸ்லிம் நோயாளிகளுக்கு "நோன்பு" என்று காட்டில் எழுதுங்கள், அல்லது காலை நேரம் கொடுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

கைப்பிடிப் பலம்: இருந்தபடி, தோள் உடம்போடு, முழங்கை 90 பாகை, மூன்று முறை, சராசரி. பலத்தைக் கிலோவில் காட்டும் கைப்பிடிக் கருவி இல்லாத இடத்தில் பிரஷர் பார்க்கும் பட்டியைச் சுருட்டி 20 மி.மீ. இரச அழுத்தம் வரை காற்றடித்து நசுக்கச் சொல்வார்கள். அதுவும் ஒரு வழிதான், ஆனால் அந்த எண்ணைக் கிலோவோடு ஒப்பிடாதீர்கள்.

கால் நீள வித்தியாசம்: இடுப்பின் முன்மேல் எலும்பு முனையில் இருந்து கணுக்காலின் உள்மொளி வரை நாடாவால் எடுப்பது. ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த வித்தியாசத்தை இந்த முறையில் கண்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

நோ (வலி): 0 முதல் 10 வரை நோயாளியே சொல்லும் எண். இதற்கு ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். "நோகுதா" என்றால் ஒரு எண்ணும், "உளையுதா" என்றால் இன்னொரு எண்ணும் சொல்வார்கள். இப்போதைய நோவா, நேற்று இரவு உச்சத்தில் இருந்த நோவா என்பதையும் கேள்வியிலேயே வையுங்கள். இரண்டு புள்ளி இறங்கினால்தான் இறங்கியது என்று எடுங்கள்.

உங்கள் வழு எவ்வளவு?

இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஒரு பின்னேரம் போதும், சாதாரண தரக் கணிதம் போதும்.

உங்களோடு படிக்கும் பத்துப் பேரின் வலது தொடையைச் சில்லில் இருந்து 15 செ.மீ. மேலே அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். கோடுகளை அழியுங்கள். அரை மணித்தியாலம் கழித்து, அந்தக் கொப்பியைப் பாராமல், திரும்பக் கோடு போட்டுத் திரும்ப அளந்து வேறு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் இரண்டாவதில் இருந்து முதலாவதைக் கழியுங்கள். கணக்குக் காட்டுவதற்காக நான் வைத்த எண்கள் இவை, செ.மீற்றரில்: 0.3, -0.5, 0.2, 0.8, -0.4, 0.1, -0.6, 0.4, 0, -0.3.

முதலில் எல்லாவற்றையும் கூட்டுங்கள். இங்கே 0 வருகிறது, அதாவது இரண்டாம் முறை ஒரே பக்கமாகக் கூடவோ குறையவோ இல்லை. உங்களுக்குப் பெரிய எண் வந்தால் நாடாவை இரண்டாம் முறை கூட இழுத்திருக்கிறீர்கள், அல்லது தளர்த்தியிருக்கிறீர்கள். அதைத் திருத்திவிட்டுத் திரும்ப வாருங்கள்.

இனி ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டினால் 1.80. ஆட்களின் எண்ணிக்கையின் இரண்டு மடங்கால், அதாவது 20ஆல் வகுத்தால் 0.09. வர்க்கமூலம் 0.3. இந்த 0.3 செ.மீ.தான் உங்கள் அளவீட்டின் நியம வழு, அதாவது ஒருமுறை அளக்கும்போது வழமையாக வரும் ஆட்டம். அதை 2.77ஆல் பெருக்குங்கள்: 0.83. (1.96ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வருவது 2.77. 1.96 என்பது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிச்சயத்துக்காக. வர்க்கமூலம், முன்னைய அளவிலும் இன்றைய அளவிலும் வழு இருக்கிறது என்பதற்காக.) ஆகவே இந்த ஆள் அளக்கும்போது தொடை 0.83 செ.மீற்றருக்கு மேல் மாறினால்தான் மாறியது என்று சொல்லலாம். அரைச் சென்ரிமீற்றர் கூடியது என்று சந்தோஷப்பட இடமில்லை.

பத்துப் பேர் சிறிய தொகைதான், உங்கள் சொந்தப் பாவனைக்குப் போதும். வீங்கிய, நோகும் கால்களில் வழு இதைவிடக் கூடும் என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதையே பக்கத்து மேசை நண்பியோடு சேர்ந்து செய்யுங்கள், முதலாவது அளவு உங்களுடையது, இரண்டாவது அவருடையது. வரும் எண்ணைப் பார்த்துச் சண்டை பிடிக்க வேண்டாம்.

கட்டுரைகளில் வழுவுக்குப் பதிலாக ஐ.சி.சி. என்ற குணகத்தைத்தான், அதாவது திரும்ப அளந்தவை எவ்வளவு ஒத்துவருகின்றன என்று சொல்லும் எண்ணைத்தான், முதலில் காண்பீர்கள். 1க்குக் கிட்ட இருந்தால் நல்லது. கூ, லீ இருவரும் 2016இல் எழுதிய பரவலான அளவுகோலின்படி 0.5க்குக் கீழ் மோசம், 0.75 வரை நடுத்தரம், 0.9 வரை நல்லது, அதற்கு மேல் மிக நல்லது. ஆனால் இந்தக் குணகம் ஆட்கள் ஒருவரில் இருந்து ஒருவர் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதிலும் தங்கியிருக்கிறது. ரகர் விளையாடும் பள்ளிக்கூடப் பொடியன்களையும் கொட்டாஞ்சேனை ஆச்சிமாரையும் ஒன்றாக நிறுத்தித் தொடையை அளந்தால், எவ்வளவு கவனக்குறைவாக அளந்தாலும் ஐ.சி.சி. அழகாக வரும். ஆச்சிமாரை மட்டும் அளந்தால் அதே கை, அதே நாடா, குணகம் விழும். ஆகவே 0.95 என்று கண்டவுடன் மயங்காமல், யாரை அளந்தார்கள், வழு எத்தனை பாகை, எத்தனை சென்ரிமீற்றர் என்று தேடுங்கள். இரண்டு அளவுகளும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று மட்டும் பார்க்கும் வெறும் இணைபுக் குணகத்தைக் காட்டினால் அதையும் விடுங்கள். ஒருவர் எப்போதும் 5 பாகை கூட்டி வாசித்தாலும் இணைபு 1தான் வரும். புள்ளியியலாளர்களான பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் இதைத்தான் எடுத்துச் சொல்லி, வித்தியாசங்களையே வரைந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

நோயாளிக்கு என்ன சொல்வது

எண்ணை மறைக்க வேண்டாம். மறைத்தால் வீட்டார் விடமாட்டார்கள். கொழும்பில் பாதி வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ அழைப்பு வரும், முதல் கேள்வியே "இப்ப எத்தனை பாகை மடங்குது?" என்பதுதான். ஆகவே எண்ணோடு அதன் ஆட்டத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு வருகையிலும் அளக்காதீர்கள், கிழமைக்கு ஒருமுறை போதும். நாளுக்கு நாள் அளந்தால் நீங்கள் பார்ப்பது உங்கள் வழுவின் நடனத்தைத்தான்.

எண் மாறாத கிழமைகளில் சொல்ல வேறு செய்தி வைத்திருங்கள். ஓட்டோவில் ஏறும்போது கையைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டதா? பிளட்டில் லிப்ட் வேலை செய்யாத அன்று எத்தனை மாடி ஏறினார்? இவையும் அளவுகள்தான்.

ரீச்சர் வீடு போன பிறகு கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார். மூன்றாவது கிழமை, மல்லாந்து, தானாக, பயிற்சிக்கு முன், 101. இரண்டு முறை அளந்தேன், காட்டை மடித்துவைத்து. அன்று அவர் மகனுக்கு அனுப்பிய செய்தியை எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்: "முழங்கால் 101 பாகை. பிள்ளை சொல்றா ஐந்து கூடக் குறைய இருக்கலாமாம். 96 எண்டு வச்சாலும் போன மாதத்தை விடக் கூடத்தான்."